முத்திரை உடையாத சாயப்புட்டி

பொதுமக்களே, ஒரு தாயின் மீது சுமத்தப்பட்ட பழிக்கு நீங்களே சாட்சியாகுங்கள். மூன்று வயதுக் குழந்தையின் உடம்பெல்லாம் கன்றிய தடங்கள். அடித்தவள் பெற்றவளே என்கிறது வழக்கு. தோலில் நோய் ஏதுமில்லை என்று அதற்குச் சான்றளித்தது ஒரு சோதனைக்கூடம். அங்கே திசுத் துணுக்குகளுக்குச் சாயமேற்றும் பெண், அறிக்கையில் கையொப்பமிட்ட தன் மேலாளரிடம் இன்று பேசியதை அப்பெண்ணின் இசைவோடு அச்சிடுகிறோம்.

"ஹலோ... அண்ணே, வச்சிடாதீங்க. அந்தப் பாப்பாவோட தோல் ரிப்போர்ட் விஷயம்தான்...

ஆமா, ஆமா, முடிஞ்ச கதைதான். ஒரே ஒரு சந்தேகம். தோலுக்குள்ள இருக்குற நாரைக் காட்டுற தனிச் சாயம் போட்டுப் பார்த்தோம், நார் சீரா இருக்குன்னு போன வாரம் எழுதியிருக்கீங்களே. போட்டது யாரு?...

நானா? நான் போடலியே...

சரி, நீங்களே போட்டீங்க. எந்தப் புட்டியில?... பழசு போன மாசமே காலி. புதுசை இன்னிக்குக் காலையிலதான் நான் உடைச்சேன். மூடியில முத்திரை அப்படியே இருந்துச்சு...

குரலை உசத்தாதீங்கண்ணே, காது நல்லாத்தான் கேக்குது...

வழக்கமான சாயமா? அதுல நாரெல்லாம் ரோஸ் கலர்ல அப்பிக் கிடக்கும், முறுக்கு தெரியாது. தோல்ல இருக்குற செல்லு கொத்தனாருன்னா, அது கட்டுற கொலாஜன் நாருதானே சுவரு? கொத்தனாரைப் பார்த்துட்டுச் சுவருக்குச் சர்டிபிகேட் குடுப்பீங்களா?...

அப்ப அந்த வரி எங்கிருந்து வந்துச்சு? வேற யாரோட பழைய ரிப்போர்ட்டையோ திறந்து பேரை மட்டும் மாத்துனீங்களா?... ஆமாவா?...

அதானே பார்த்தேன்.

மிச்சத் துணுக்குல நானே சாயம் போட்டுட்டேன். பிரிஞ்ச கயிறு மாதிரி கிடக்கு நாரு. லேசா இடிச்சாலே கன்றுற தோலா இருக்கலாம். என்ன நோய்னு டாக்டர் சொல்லட்டும். சீரா இருக்குன்னு மட்டும் நீங்க சொல்லாதீங்க...

உங்க வேலை போயிடுமா? நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை, அந்த அம்மாகிட்ட இருந்து புள்ளையே போயிடும்ணே. இன்னிக்கே திருத்திக் குடுங்க...

ஸ்லைடா? அது எங்க இருக்குன்னு எதுக்குக் கேக்கறீங்க?... இல்ல, எதுக்கு?...

என் மேசையைத் திறக்க யாரை அனுப்பியிருக்கீங்க?... அண்ணே?... ஹலோ?"

இணைப்பைத் துண்டித்தவர் மேலாளர். மேசை உடைக்கப்பட்டது; அதற்கு முன்பே அந்தத் துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகடு குழந்தையின் மருத்துவர் கைக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் திருத்திய அறிக்கை இந்த நிமிடம் வரை வரவில்லை. பொய்யறிக்கையே நாளை வாசிக்கப்படும். ஆகவே நாளைக் காலை பத்து மணிக்கு முன்னரே விசாரணைக் கூடத்தின் வாசலை நிரப்புங்கள். காணாததைக் கண்டேன் என்று கையெழுத்திட்ட மனிதரைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கும்வரை, ஒருவரும் வீடு திரும்பாதீர்கள்.