நான்கு பேர் உள்ள வீடு

“இல்ல மேடம், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அந்தக் கொக்கிதான் ஆடிக்கிட்டே இருக்கு. அதை மட்டும் யாராவது மாட்டிவிட்டா போதும்.”

“மாட்டியாச்சு. நீங்க சும்மா சும்மா எழுந்து நடக்காம உட்காருங்க. வாயால சொன்னது போதும், எழுதிக் குடுங்க. எங்க ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்கேர்ந்தே எழுதுங்க.”

சரி, எழுதுகிறேன். கையெழுத்து சுமாராகத்தான் இருக்கும். பதினோரு வருடமாக விசைப்பலகையில் தட்டிப் பழகிய கை இது. இரண்டு பேனாக்கள் கொடுத்தீர்கள். நீலம் அடைக்கிறது என்று கறுப்புக்கு மாறிவிட்டேன், மன்னியுங்கள்.

இந்த அறையில் நான்கு பேர் இருக்கிறோம். விசாரணை அதிகாரியான நீங்கள், உங்கள் பக்கத்தில் எழுத்தர், கதவருகே காவலர், நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்பது நாட்களாக எங்கே போனாலும் ஆட்களை எண்ணிவிடுகிறேன். லிஃப்டில், பேருந்தில், முடிதிருத்தும் கடையில். எண்ணி முடித்ததும் ஒருவரை விட்டுவிட்டேனோ என்று திரும்ப எண்ணுகிறேன். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி கேட்டாள்: “இருக்கிறதே ரெண்டு பேரு. இதுல விரல் விட்டு எண்ண என்ன இருக்கு?”

உங்கள் கேள்வி ஒன்றுதான். மென்பொருளில் ஒரு குறை இருப்பதாக ஆறு வாரத்துக்கு முன்பே எழுத்தில் வந்தும் அதை நான் ஏன் சரிசெய்யவில்லை? அதைப் புரியவைக்க என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடினமான வேலை இல்லை.

தீயணைப்புக் கட்டுப்பாட்டறைக்கு ஒரு முகவரியில் தீ என்று அழைப்பு வருகிறது. எங்கள் மென்பொருள் உடனே குடியிருப்புப் பதிவேட்டு அலுவலகத்தின் கணினியிடம் கேட்கும்: இந்த முகவரியில் யார் யார் இருக்கிறார்கள்? பதில் ஒரே நீண்ட எழுத்துச் சரமாக வரும். பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி. கட்டடம் என்ற பெட்டிக்குள் வீடு, வீட்டுக்குள் குடியிருப்பவர்கள், ஒவ்வொருவருக்குள்ளும் பெயர், வயது, தொலைபேசி எண். அந்தச் சரத்தை எங்கள் ஜாவா நிரல் அப்படியே விழுங்காது. அதை ஆப்ஜெக்ட்களாக, அதாவது நிரல் கையாளக்கூடிய தனித்தனித் துண்டுகளாக, மாற்றித் தர வேண்டும். அதற்கு நான் அச்சு செய்கிறேன். நாங்கள் கிளாஸ் என்போம். அச்சில் எந்தப் பள்ளம் இருக்கிறதோ அதில் அந்தத் தகவல் போய் உட்காரும்.

அச்சில் இடமில்லாத தகவல் வந்தால்? இரண்டு வழி உண்டு. ஒன்று, நிரல் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். இன்னொன்று, சத்தம் போடாமல் அதைக் கீழே விட்டுவிட்டு மேலே போகும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். பதிவேட்டுக்காரர்கள் நாளைக்குப் புதிதாக ஏதோ ஒன்றைச் சேர்த்துவிட்டால், அதற்காகக் கட்டுப்பாட்டறையே நின்றுபோக முடியுமா? இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கிளாஸ் முப்பத்தொரு வரி. உருட்டாமலே ஒரே திரையில் முழுசாகத் தெரியும். மேனேஜர் அதை அச்சடித்துத் தண்ணீர் கேன் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை அதன் எதிரே நிறுத்தி, “கிளாஸ்னா இப்படி இருக்கணும், கண்ணுல ஒத்திக்கலாம்” என்பார். நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பேன். தாகம் இல்லாமலும் போவேன்.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருந்தாள். நாங்கள் எழுதியதில் பிழை தேடுவது அவள் வேலை. அதனால் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தோம். கோபித்துக்கொள்ள மாட்டாள், கூப்பிட்டால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரும்புவாள். ஆறு வாரத்துக்கு முன் ஒரு மதியம் நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டே என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணா, ஒரு கெட்ட செய்தி. நான் இன்னும் பொறக்கல.”

“சந்தோஷம். அப்போ என் உசுரை வாங்க ஆள் இல்ல.”

“விளையாடாதீங்க. நான் குடியிருக்கிற வீட்டு முகவரியையே போட்டுப் பார்த்தேன். எத்தனை பேர் வருது? நாலு. அக்கா, மாமா, ரெண்டு வாண்டுங்க. நான் எங்க?”

அவள் அந்தக் குடும்பத்திடம் பின்னறையை உள்வாடகைக்கு எடுத்திருந்தாள். சொந்தக்காரர்கள் இல்லை, ஆனாலும் அக்கா, மாமா என்றுதான் சொல்லுவாள். பதிவேடு அப்படிப்பட்டவர்களைத் தனியாக அனுப்புவதில்லை. வாடகைக்கு விட்டவரின் பெட்டிக்குள்ளேயே இன்னொரு சின்னப் பெட்டியாக வைத்து அனுப்புகிறது. ஆளுக்குள் ஆள். என் அச்சில் அதற்குப் பள்ளம் இல்லை. விழுந்துவிட்டாள்.

“அந்த ஆளுக்குள்ள இன்னொரு ஆள் வந்தா?” என்றேன். “அதுக்குள்ள இன்னொண்ணு வந்தா? கிளாஸ் தன்னையே தனக்குள்ள வச்சுக்கணும். பார்க்கவே சகிக்காது.”

“சகிக்கலைன்னா கண்ணை மூடிக்கோங்க. நாலு வரிண்ணா. நாலே வரி.”

“உள்வாடகையெல்லாம் எத்தனை பேரு இருக்காங்க, ஊர்ல?”

“ஒருத்தி உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கா.”

அவள் குறைப் பட்டியலில் பதிவு செய்ததை மறுநாள் நான் மூடினேன், அதாவது முடிந்துவிட்டது என்று குறித்தேன். மூடும்போது கணினி காரணம் கேட்கும். பட்டியலில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘வடிவமைப்பின்படியே இயங்குகிறது’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அது பொய் இல்லை. வடிவமைத்தவன் நான். என் வடிவமைப்பின்படியேதான் இயங்கியது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளை அஞ்சாவது ஆள் என்று கூப்பிட்டோம். கூட்டத்தில் தேநீர் வந்தால், “நாலு கப் போதும்பா, இது கணக்குல வராது” என்பான் பக்கத்து மேசைக்காரன். அவளே முதலில் சிரிப்பாள். பிறகு குறையைத் திரும்பத் திறப்பாள். நான் மூடுவேன். மூன்று முறை. மூன்றாம் முறை அவள் குறிப்பில் எழுதியிருந்தது: “அண்ணா, தீ வடிவமைப்பைப் படிச்சுட்டு வராது.” நல்ல வாக்கியம் என்று நினைத்தேன். மூடினேன்.

எழுந்து நடந்துவிட்டு வந்தேன், எழுத்தருக்குத் தொந்தரவு என்றால் மன்னிக்கவும்.

இனி அந்த நாள். மென்பொருளைக் கட்டுப்பாட்டறையில் முதன்முதலாக ஓடவிடும் நாள். மற்ற ஊர்களின் தீயணைப்புத் துறையிலிருந்து எட்டு விருந்தினர்கள் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். மேனேஜர் புதுச்சட்டை போட்டிருந்தார். காலர் அட்டையை எடுக்க மறந்திருந்தார். முந்தைய வாரக் கூட்டத்தில் இந்த விருந்தினர்கள் கேட்டபோது நான் கொடுத்த வாக்கு: “பதிவேட்டில் இருக்கிற ஒரு பெயர்கூட விழாது.” அது கூட்டக் குறிப்பிலும் இருக்கிறது.

பத்தே முக்காலுக்கு முதல் உண்மையான அழைப்பு வந்தது. இரண்டு மாடி வீடு, முன்பக்கச் சமையலறையில் தீ. முகவரி திரையில் ஏறியது. எனக்கு அது மனப்பாடம். மூன்று முறை மூடிய முகவரி.

பதினொன்றே காலுக்குச் சற்று முன்பு நால்வரையும் வெளியே கொண்டுவந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நால்வரும் புகையில் மயங்கி ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எதையும் கேட்க வழியில்லை. விருந்தினர் ஒருவர் மெல்லக் கைதட்டினார். அப்போதுதான் கட்டுப்பாட்டறை மேற்பார்வையாளர் காதுக்கருவியைப் பாதி கழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஸ்பாட்லேர்ந்து கேக்குறாங்க. எதிர்வீட்டம்மா, பின்னறையில ஒரு பொண்ணு இருக்குங்குது. பக்கத்து வீட்டுக்காரரு, அது தினம் ஒன்பது மணிக்கே வேலைக்குக் கிளம்பிரும்ங்கிறாரு. பின்பக்கக் கூரை இறங்கிட்டிருக்கு. நம்ம பசங்க ரெண்டு பேரை உள்ள அனுப்பணும். திரையில நாலுதான் காட்டுது. அது சரிதானா?”

“சரிதான் சார்,” என்றேன். “நாலு பேர்தான்.”

அவர் கருவியை மாட்டிக்கொண்டு அதையே சொன்னார். யாரும் உள்ளே போகவில்லை. ஏழு நிமிடம் கழித்துக் கூரை விழுந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்: அந்த இரண்டு பேர் போயிருந்தால் கூரைக்கு அடியில் இருந்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் குடும்பம் இருக்கும். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பின்னறைக்குப் போய்வர மூன்று நிமிடம் போதும் என்று நிலைய அதிகாரி உங்களிடம் சொன்னதாகத் தெரிகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அப்போது அந்தக் கணக்கு தெரியாது.

அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்த வேண்டும். அவள் வேலைக்கு வருவது என் அலுவலகத்துக்குத்தான். அன்று காலை ஏழரைக்கு, “காய்ச்சல்ணா, எழுந்து நிக்கவே முடியல” என்று செய்தி அனுப்பி விடுப்புக் கேட்டாள். ஒப்புதல் கொடுத்தது நான். “இல்லாத ஆளுக்கு லீவு எதுக்கு? தூங்கு” என்று பதில் போட்டேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. விருந்தினர்கள் முன்னால் அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று இரண்டு நாளாக ஒரு பயம்.

ஆகவே, அவள் வீட்டில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ‘திரை தப்பாக இருக்கலாம்’ என்று மூன்றே சொற்கள் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். எட்டுப் பேர் பின்னால் நின்றார்கள். அந்த மூன்று சொற்களுக்கு என்னிடம் பள்ளம் இல்லை, மேடம். விழுந்துவிட்டன. இதை விரிவாக விளக்கச் சொன்னால் என்னால் முடியாது.

மதியம் அலுவலகத்துக்கு வந்தேன். எல்லோரும் அந்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். என் இடத்தில் உட்கார்ந்து கிளாஸைத் திருத்தினேன். பதினோரு நிமிடம் பிடித்தது. அவள் சொன்ன மாதிரியே நான்கு வரிதான். கிளாஸ் தன்னையே தனக்குள் வைத்துக்கொண்டது. பார்க்க அசிங்கமாக இல்லை. அழகாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். அவள் முகவரியைப் போட்டு ஓட்டினேன். ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவதாக அவள் பெயர், வயது இருபத்தாறு, தொலைபேசி எண். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தன. சுவரில் ஒட்டியிருந்த பழைய தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொலைபேசி எண்ணைப் பார்த்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அப்படி எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒன்றையும் கீழே விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

மேற்பார்வையாளர் என்னிடம் கேட்டது பதினொன்று பதினாறுக்கு. அது ஒலிப்பதிவில் இருக்கிறது. பதினொன்று பதினான்குக்கு என் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. இடது கையில் வைத்திருந்தேன். படித்தேன். திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். மதியம், கிளாஸைத் திருத்துவதற்கு முன்னால், அதை அழித்தேன். அவளுடைய கைப்பேசி உருகிவிட்டது. தொலைபேசி நிறுவனத்திடம் நீங்கள் அழைப்புகளின் பட்டியலைத்தான் கேட்டீர்கள், செய்திகளைக் கேட்கவில்லை. நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிய வழியில்லை. நான் நேர்மையானவன் என்பதற்கு இதைவிட வேறு என்ன காட்ட முடியும் என்று தெரியவில்லை. எனக்கு அது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது, அப்படியே தருகிறேன்:

“அண்ணா எமர்ஜென்சி நம்பர் பிஸியாவே இருக்கு. நீங்க கண்ட்ரோல் ரூம்லதானே இருக்கீங்க. கதவுப்பக்கம் தீ, வெளிய வர முடியல. பின்னறையில அஞ்சாவதா நான் ஒருத்தி இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லுங்கண்ணா”