பேட்டரிக்கு வைத்த சந்தனம்

"நாம சாமி கும்பிட்டதுலதான் மைனி, பேட்டரிக்கு வாயடைச்சுப் போச்சு."

தாராவி பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் செல்போனை மடியில் வைத்துவிட்டேன். பக்கத்தில் அவருடைய அண்ணன் மனைவி. இருவரும் சேர்ந்து தையல் பட்டறை நடத்துகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"வயர மாத்தியாச்சு, செட்டிங்கும் சரிதான். ஆனாலும் சோலார் இன்வெர்ட்டர், பேட்டரிகிட்டேருந்து தகவலே வரலன்னு காட்டுது. டார்ச் அடிச்சுப் பாத்தேன். தகவல் வயர் சொருகுற ஓட்டைக்குள்ள ஆயுத பூசை சந்தனம் காஞ்சு கெடக்கு."

"அங்க போயி எந்தக் கூறுகெட்டவன் வச்சான்?"

"நீங்கதான் மைனி. மூணு பொட்டு வச்சாத்தான் லட்சணம்னு சொன்னீங்க."

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கொழுந்தன் விடவில்லை.

"மெக்கானிக் புது பேட்டரிதான் வாங்கணும்ங்கான்."

"ஒண்ணும் வாங்க வேண்டாம். எறங்குனதும் ஸ்பிரிட்டும் சின்ன பிரஷ்ஷும் வாங்கு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு நானே தொடைக்கேன். கரண்டு போனாலும் மிஷின் ஓடணும், நாளைக்கு ஆர்டர் போயாகணும்."

"அப்ப அடுத்த வருசம் பொட்டு கெடையாதா?"

"வைக்காமலா? அந்த மெக்கானிக் நெத்தியில வைப்பேன்."