கழிக்க வேண்டிய புத்தகங்கள்

ஹலோ... டீச்சரம்மா, நான்தான்... கத்தாதே, மெதுவாப் பேசு. இப்போ நான் சொல்லப்போறது ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். உன் தலையில அடிச்சு... சரி சரி, என் தலையிலேயே அடிச்சுச் சொல்றேன். கட்டின பொண்டாட்டிகிட்ட யாராவது பொய் சொல்வாங்களா?... அது போன வருஷம். அதை விடு.

காலேஜ்லதான். ஆமா... ஆமா... ஆமாங்கிறேன்ல? நூலகத்துக்குள்ள, ரெண்டு அலமாரிக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கேன்... ஒளிஞ்சுதான்! உன் புருஷன், ஓய்வு பெற்ற நூலகர், நூலக அறிவியல் விரிவுரையாளர் வேலை நேர்காணலுக்கு வந்தவன், ஒளிஞ்சிருக்கேன்.

தெரியும், மாதிரி வகுப்பு ரெண்டு மணிக்குத்தான். முன்னாடியே வச்சுட்டாங்க... என்னைக் கேட்டா வைப்பாங்க? தேர்வுக்குழு அஞ்சு பேரும் இந்த நூலகத்துலயே மாணவங்க மாதிரி பெஞ்சுல உக்காந்துட்டாங்க. ஒருத்தர் பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு என்னையே பார்க்கிறார்.

பாடமா? நீ சொன்னதுதான். நூலகத்துல எந்தப் புத்தகத்தைக் கழிக்கணும்... ஆமா, கண்ணாடி முன்னாடி ஒத்திகை பார்த்த அதே பாடம். நல்லாத்தான் ஆரம்பிச்சேன். உதாரணத்துக்கு அவங்க அலமாரியில இருந்தே ஒரு தடிப் புத்தகத்தை உருவினேன். யாரும் எடுத்துப் போன முத்திரையே இல்ல. பூச்சிகூட முதல் பக்கத்தை அரிச்சுட்டு, மேல போக மனசில்லாம திரும்பியிருக்கு. "இதைத்தான் முதல்ல கழிக்கணும்"னு குப்பைக்கூடையில போட்டேன். குப்புற விழுந்துச்சு. பின்னட்டையில எழுதினவர் படம்... ம்... ஆமா. அவரேதான். குழுத் தலைவர். பேனா மூடி.

சிரிக்காதே! அவர் கோபப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. "மேல சொல்லுங்க"ன்னார், சாந்தமா. பதட்டத்துல அடுத்த புத்தகத்தை எடுத்தேன். அது அவர் பக்கத்துல உக்காந்திருந்த அம்மா எழுதினது... இல்ல, அதோட நிறுத்தல. அஞ்சு பேரையும் கூடையில போட்டுட்டேன்.

ஓடாம வேற என்ன செய்ய?... கேளேன். இங்கே இருக்கிறது சக்கரத்தைச் சுத்தினா நகர்ற இரும்பு அலமாரி. வெளியே நின்னு சுத்துறாங்க. இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது. கொஞ்ச நேரம் முன்னாடி அகராதி கனம் இருந்தேன். இப்போ கையேடு ஆயிட்டேன்...

நம்பலையா? நம்ப வேண்டாம். போ.

...

இல்ல, அழலை. சரி. பயம்தான். ஆமா, பயம். உனக்கென்ன, பிள்ளைங்க முன்னாடி நின்னு ஆயுசு பூரா கத்தினவ. நான் வாயில விரலை வச்சு "உஷ்"னு சொல்லியே சம்பளம் வாங்கினவன். வயசான காலத்துல ராத்திரி பகலாப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினேன், வாஸ்தவம்தான். படிக்கிறப்ப யாரும் நம்ம மூஞ்சியைப் பார்க்கிறதில்லையே! இங்கே ஒரு வகுப்புப் பிள்ளைங்க என் வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா, நான் என்னத்தைப் பேசுவேன்? என் சத்தத்தைக் கேட்டு நானே "உஷ்"னுட்டா?... சிரி, நல்லா சிரி. போனை ரெண்டு கையால பிடிச்சிருக்கேன்.

ம்... ம்... வேணும். அந்த வேலை எனக்கு வேணும்தான். வீட்டுல உக்காந்து உன் சமையலறை டப்பாவுக்கெல்லாம் வரிசை எண் ஒட்டிக்கிட்டே செத்துப்போக எனக்கு இஷ்டமில்ல... நீதான் அதையும் பிச்சுப் போட்டுட்டியே.

என்ன சத்தம் அங்கே? செருப்பு மாட்டுறியா? எங்கே கிளம்புறே?... காலேஜுக்கா? நேரா தலைவர்கிட்டயே வந்து பேசுவியா? ஐயோ, வேண்டாம். வேண்டாம்மா... வண்டியெல்லாம் பிடிக்காதே. அவ்வளவு தூரம் எதுக்கு வீணா...

கேளு. திட்டாம கேளு. தெரு முனை வரைக்கும் வந்தாப் போதும்.

நான் இன்னும் பஸ்ஸே ஏறலை.