கேமராவை மறைத்த காதணி விழா பேனர்

என் பெயர் யாக்கோபு, வயது 47, தகப்பனார் பெயர் அருளப்பன். வல்லம் வடகால், மாதா கோயில் தெருவில் மனைவியோடு குடியிருக்கிறேன். ஒரகடம் போகும் சாலையோரம் பன்னிரண்டு வருடமாக ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடித்துக் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இன்று 19ஆம் தேதி காலை, யாரும் கூப்பிடாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் இராமச்சந்திரன் அய்யா முன்பு இதைச் சொல்கிறேன். இதை எழுதினால் என் பேரிலும் வழக்கு வரும் என்று அய்யா முதலிலேயே சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன்.

என் கடைக்கு எதிரே சாலையின் நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி உண்டு. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி ஆட்கள் அதன் வழியாகத்தான் கடந்து தங்கள் ரூமுக்குப் போவார்கள். போன வருடம் அதற்குச் சற்று முன்னால் கம்பம் நட்டு, வேகமாக வரும் வண்டியையும் ஹெல்மெட் போடாதவரையும் பிடிக்கிற கேமரா வைத்தார்கள். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஹெல்மெட் இல்லை என்று மூன்று முறை என் செல்போனுக்கு அபராதம் வந்தது, அதில் ஒன்று மாமனார் இறந்த சேதி கேட்டு நான் ஓடிய நாளில் வந்தது. அரசாங்கம் ரோட்டில் உண்டியல் வைத்திருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பேன்.

கம்பெனி ஸ்டாஃப் வேன் ஓட்டும் இனியவன் என் பக்கத்துத் தெருக்காரர். அவர் மகள் நிலாவுக்கு 4ஆம் தேதி வல்லக்கோட்டை முருகன் கோவிலில் காது குத்த ஏற்பாடாகி, பத்தடிக்கு எட்டடி அளவில் பேனர் சொன்னார். அதை 2ஆம் தேதி மாலை அந்தக் கேமரா கம்பத்தோடு சவுக்குக் கழி சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் கீழே நின்று, "இன்னும் மேல ஏத்திக் கட்டுண்ணா, பாப்பா மூஞ்சி ஊருக்கே தெரியட்டும், அந்தக் கேமரா கண்ணும் மூடிக்கும்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே பேனரின் மேல் ஓரம் கேமராவுக்கு ஒரு சாண் மேலே வரும்படி ஏற்றிக் கட்டினேன். அவர் சொன்னதற்காக மட்டும் கட்டினேன் என்று சொன்னால் அது பொய். எனக்கும் ஆசை இருந்தது.

அதன் பிறகு இரண்டே நாளில் வண்டிகள் அந்த இடத்தில் வேகம் குறைப்பதை விட்டுவிட்டன. விசேஷம் முடிந்ததும், ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போட அந்தப் பேனர் வேண்டும் என்று எங்கள் தெரு மீனம்மாள் கேட்டார். அவிழ்க்கப் போனேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று இனியவன் தடுத்ததால் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு 13ஆம் தேதி மதியம் மூன்றரை மணிக்கு நான் கடை வாசலில் நின்று கண்மணி தட்டிக்கொண்டிருந்தேன், அதாவது பேனர் ஓரத்தில் கயிறு கோக்கும் வளையம். முதலில் மோதிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் பிரேக் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இனியவனின் வேன் இடைவெளியைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றிருந்தது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்த பையன் கீழே கிடந்தான். கழுத்தில் இருந்த அடையாள அட்டையில் மகாராஜா என்ற பெயரை வாசித்து 108க்குச் சொன்னவன் நான்தான். செங்கல்பட்டு கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டான். வயது இருபத்து மூன்று.

அன்று மாலையே இனியவன் சொல்லி நான் பேனரை அவிழ்த்து மீனம்மாளிடம் கொடுத்துவிட்டேன். தான் நாற்பதில்தான் வந்ததாகவும் பையன் குறுக்கே ஓடியதாகவும் இனியவன் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். கேமரா பதிவில் பேனர் இருந்த பதினொரு நாளும் வெறும் வெள்ளையாக இருந்ததாம், போலீஸ் வந்து பார்த்தபோது கம்பத்தில் பேனரும் இல்லாததால் கேமரா ரிப்பேர் என்று முடிவாகிவிட்டது. அதன் பிறகு அவர் கடைக்கு வந்து, "நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்ணா, எனக்கும் பொட்டப் புள்ள கீது" என்றார். நானும் ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை.

கேமரா வந்த பத்து மாதத்தில் அந்த இடைவெளியில் ஒருவர்கூட அடிபடவில்லை. அதற்கு முந்தைய வருடத்தில் இரண்டு பேர் செத்தார்கள், இருவருக்கும் நான்தான் அஞ்சலி பேனர் அடித்தேன். இதை எண்ணிப் பார்க்க எனக்கு மூன்றாவது ஆள் சாக வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

நேற்று 18ஆம் தேதி, மகாராஜாவின் அறைத் தோழர்கள் சொன்ன கண்ணீர் அஞ்சலி பேனரைக் கட்ட அதே கம்பத்தில் ஏணி சாத்தி ஏறினேன். பழக்கத்தில் கை அதே உயரத்துக்குப் போயிற்று. அதன் பிறகு இறங்கி, இடுப்பு உயரத்தில் கட்டினேன். சுரண்டையிலிருந்து வந்திருந்த அவன் தாயார் கோமதியம்மாள் பக்கத்தில் நின்றார். படம் நல்லா வந்திருக்குய்யா என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு மேலே கேமராவைப் பார்த்து, "அதுல எம்புள்ள நடந்து வந்தது இருக்குமாய்யா? ஒருதரம் பாத்துக்கிடுதேன்" என்றார். கேமரா ரிப்பேர் என்று தோழர்கள் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிக்கொண்டார். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் காதணி விழா பேனர் இப்போதும் மீனம்மாள் கொட்டகையின் மேல் இருக்கிறது, காட்டுகிறேன். மாலை வெயில் முன்பக்கம் அடித்தால் கேமராவைப் பார்த்திருந்த பின்பக்கத்தில் படம் லேசாகத் தெரியும். அந்த வெள்ளைப் பதிவை உற்றுப் பார்த்தால் நிலாவின் முகம் இடம் வலம் மாறித் தெரியும்.

இதுவரை எழுதியதை அய்யா வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. மகாராஜாவின் அம்மா இன்று சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏறுகிறார். கேமரா ரிப்பேர் இல்லை, நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது, மூடியவன் நான் என்று அதற்குள் அவரிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
அ. யாக்கோபு