இரண்டாவது அட்டை

தேநீரில் பால் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. எனக்கு அப்படித்தான் பிடிக்கும், நன்றி. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: பெயர் துலேபெர்கென், மரியாதையாகத் துலேகெ என்பார்கள், வயது ஐம்பத்தாறு, மலையேரிக் கண்காணிப்பு நிலையத்தில் கணினிப் பொறுப்பாளர்.

ஒல்ஜாஸ் எங்கள் நிலையத் தலைவன். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவன். போன நௌரிஸ் புத்தாண்டு விருந்து வரைக்கும் அவனுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. வெந்த ஆட்டுத்தலையை மூத்தவர் முன்னால் வைப்பதும், அவர் அதன் காதை அறுத்துச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுப்பதும் எங்கள் வழக்கம். பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்டு வளர வேண்டும் என்பதற்காக. அன்று மேசையில் மூத்தவன் நான். ஒல்ஜாஸ் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். காதை அறுத்து என் தட்டில் வைத்தான்.

"சாப்பிடுங்க துலேகெ. இனிமேலாவது நான் சொல்றது உங்க காதுல ஏறட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மென்று விழுங்கினேன். வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஏப்ரலில் புது சர்வர் வந்தது. அதன் மதர்போர்டில் இரண்டு ரெய்டு அட்டைகள், டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி மேய்ப்பவை. முதல் அட்டையில் இயங்குதளம். இரண்டாவதில் மூன்று ஹார்டு டிஸ்க்குகள், அவற்றில் ஏரியின் நீர்மட்டப் பதிவு. மூன்றில் ஒன்று செத்தால் மற்ற இரண்டும் தாங்கும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு. சர்வரைத் தொடங்கும்போது ஒவ்வொரு அட்டையும் தன் டிஸ்க்குகள் எப்படி இருக்கின்றன என்று திரையில் சொல்லும். திங்கள்தோறும் சர்வரை மறுபடி தொடங்கி, அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதித் தலைவன் கையெழுத்துப் போட வேண்டும்.

"இது எழுந்திரிக்கறதுக்குள்ள நான் ரெண்டு டீ குடிச்சிடுவேன் போல. சீக்கிரம் வர்ற மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்றான் ஒல்ஜாஸ்.

பண்ணினேன். முதலில் இரண்டாவது அட்டையின் எச்சரிக்கை மணியை நிறுத்தினேன். அதை அவன் கேட்கவில்லை. பிறகு சர்வரின் தொடக்க அமைப்பான பயாஸுக்குள் போய் அதன் தொடக்கச் செய்தியை அணைத்தேன். அட்டைகள் கூடினால் அப்படி அணைப்பதுண்டு, எந்தத் தொழில்காரனைக் கேட்டாலும் சொல்வான். அட்டை வழக்கம்போல வேலை செய்யும், வாய் மட்டும் திறக்காது.

மே மாதம் ஒரு டிஸ்க் செத்தது. பெட்டிக்குள் சிவப்பு விளக்கை நான் மட்டும் பார்த்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது. மாற்று டிஸ்க்கும் என் அலமாரியில்தான் இருந்தது. திரையில் எச்சரிக்கை ஒன்றும் வராததால், திங்கள்தோறும் 'பழுதில்லை' என்பதன் கீழே அவன் கையெழுத்துப் போட்டான். பார்க்கப் பார்க்க எனக்கு மனம் குளிர்ந்தது. அடுத்ததும் சாகட்டும், மேலதிகாரிகள் வந்து குறிப்பேட்டைப் புரட்டட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஜூலை பதினொன்றாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு அடுத்ததும் போனது. நீர்மட்டம் தெரியாவிட்டால், கீழே ஊரை எச்சரிக்கும் அபாயச் சங்கு தானாக ஊதாது. நான் வீட்டில் இருந்தேன். பணியிலிருந்த அக்போபே என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"துலேகெ, திரையில ஒண்ணுமே வரல. மேல தண்ணி சத்தம் வேற மாதிரி கேக்குது. கையாலயே சங்கை ஊதிடவா?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊதினால் ஊர் தப்பும். கூடவே ஒல்ஜாஸும் தப்பிவிடுவான்.

"தலைவர்கிட்ட கேட்டுக்கம்மா. அவர் சொல்லாம தொடாத" என்றேன்.

அவன் நகரத்தில் கூட்டத்தில் இருந்தான். அங்கே போனை அணைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நாற்பது நிமிடத்தில் ஏரிக்கரை உடைந்தது. சேறும் பாறையும் கீழ்க்குடியிருப்பில் இறங்கின. ஒன்பது பேர். அதில் அக்போபேயின் மகள்கள் இருவர்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குறிப்பேட்டுக் கையெழுத்தைப் பார்த்து ஒல்ஜாஸைத்தான் பிடித்தார்கள். ஆனால் அவன் சிறையில் எல்லாம் விதி என்று சொல்லி அழுகிறானாம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவனைச் சிறைக்குக் கொண்டுபோனது யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் நானே இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன்.

நான் பழி தீர்த்தது ஒருவனிடம்தான், ஐயா. அந்த ஒன்பது பேர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.