கதவில் பச்சை அட்டை

—இங்கயா இருக்கீங்க? முற்றம், டிவி ரூம், பேப்பர் படிக்கிற ரூம்... எல்லாம் தேடிட்டு வரேன். மூட்டு தேஞ்சவளை இப்படி அலைய விடறீங்களே, டிரைவர் தம்பி.

—யாரு தேடச் சொன்னா, டெலிபோன் அக்கா?

—அது சரி. எல்லாரும் முற்றத்துல வெயில் காயறாங்க. வெயில் நகர நகர நாற்காலியையும் இழுத்துக்கிட்டுப் போறாங்க. நீங்க மட்டும் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, திருட்டு பீடி குடிக்கிறவன் மாதிரி...

—இங்கயும் வெயில் வருது.

—ஒரு முழம் வருது. தள்ளுங்க, நானும் உக்கார்றேன். அப்பாடா... என்ன குளிரு.

—இது ஒரு குளிரா? லீவுக்கு வந்திருக்கிற பேரப்பிள்ளைங்க அரைக்கைச் சட்டையோட சுத்துதுங்க. நீங்க ஸ்வெட்டர், மப்ளர், சாக்ஸுன்னு... பார்சல் ஆபீஸ் மூட்டை மாதிரி.

—கேலி பண்ணுங்க. மூணு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் சிரிச்சுப் பேசறீங்க. இந்த ஸ்வெட்டருக்குக் கை நீளம். உங்க வீட்டுக்காரிதான் மடிச்சுத் தச்சுக் குடுத்தா.

—தெரியும். பட்டன் வேற கலர்.

—ஆமா... வேற கலர். போட்டுக்கும்போதெல்லாம் கை அங்கதான் போகுது.

—என்ன விஷயமா வந்தீங்க?

—சும்மாதான்.

—முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்தவங்க சும்மா பேச மாட்டீங்க. லைன் குடுங்க.

—அந்தப் புகார்க் கடுதாசியில கையெழுத்துப் போட்டாச்சா?

—இன்னும் இல்ல. சட்டைப் பையில இருக்கு. நாலு மணிக்கு மேனேஜர் வந்து வாங்கிக்கறேன்னார்.

—இப்ப மூணேகால்.

—எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும்.

—போடாதீங்க, தம்பி.

—ஏன் போடக்கூடாது?

—பாவம், அந்த ஆயா. மூணு வாரமா வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டாங்க. ஆனாலும் தினம் வந்து கேட்டுக்கு வெளிய கல்லு மேல உக்காந்திருக்கா. உங்க கையெழுத்து விழுந்தா, அந்தக் கல்லுலேருந்தும் எழுந்து போகவேண்டியதுதான்.

—போகட்டும்.

—அவ புருஷன் படுத்த படுக்கை...

—என் பொண்டாட்டி தரையில கிடந்தா, அக்கா. தரையில. நான் ஊருக்குப் போயிருந்த அன்னைக்கு, விடியறதுக்கு முன்னாடியே பாத்ரூம் வாசல்ல விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடந்திருக்கா. பத்து மணி வரைக்கும் மூச்சு இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னார். ஏழு மணிக்கு ஒருத்தர் கதவைத் தட்டியிருந்தா...

—தெரியும், தம்பி. தெரியும்.

—என்ன தெரியும்? இந்த முதியோர் குடியிருப்புல எதுக்கு அந்த அட்டை? ராத்திரி ஆயா வந்து கதவுல சிவப்புப் பக்கம் தெரியற மாதிரி மாட்டணும். காலைல நல்லபடியா எழுந்தா, நாம அதைப் பச்சைக்குத் திருப்பணும். ஏழு மணிக்கு நர்ஸ் வருவா. சிவப்பா இருந்தா தட்டுவா, பச்சையா இருந்தா தாண்டிப் போயிடுவா. அவ்வளவுதானே?

—எட்டு மணிக்கு ஆயா எல்லாத்தையும் கழட்டிக் கூடையில போட்டு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவா. பதினோரு வருஷமா பாக்கறேன். தினம் காலைல உயிரோட இருக்கேன்னு அட்டை காட்டவேண்டிய பொழப்பு.

—இடுப்பு முறிஞ்சு கிடந்தவ எழுந்து வந்து அட்டையைத் திருப்பியிருப்பாளா?

—மாட்டா.

—அப்ப வேற யாரோ திருப்பியிருக்காங்க. விடியக்காலைல தாழ்வாரத்துல யாரு நடமாட்டம்? ஆயா. நர்ஸ் ஒவ்வொரு கதவா நிக்காம இருக்கட்டும்னு வரிசையாத் திருப்பிக்கிட்டே போயிருக்கா.

—இல்லன்னு அவ அழறாளே.

—எல்லாரும்தான் அழறாங்க. எங்க வீட்டுக்காரி அட்டை திருப்பினா, அதோட கயிறைக் கைப்பிடியில ரெண்டு சுத்து சுத்தி வைப்பா. காத்துல திரும்பிடக் கூடாதுன்னு. அன்னைக்குத் திருப்பினவ அதைக்கூடச் செய்யல. கயிறு அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு அவசரம் அந்த மகராசிக்கு.

—கயிறா?

—ஆமா.

—ம்... வெயில் அந்தப் பக்கம் போகுது பாருங்க.

—போகட்டும். நீங்க ஏன் அந்த ஆயாவுக்காக இவ்வளவு பேசறீங்க? உங்களுக்குச் சொந்தமா?

—பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க.

—அப்படின்னா?

—பேனா வச்சிருக்கீங்களா?

—இருக்கு. எதுக்கு?

—கடுதாசியில ஆயா பேரை அடிச்சுட்டு... என் பேரை எழுதுங்க.

—என்னக்கா உளர்றீங்க?

—குறுக்க பேசாதீங்க தம்பி. நிறுத்திட்டா மறுபடி எனக்கு வாய் வராது. குளிர்காலம் வந்தா உங்க வீட்டுக்காரிக்கு முழங்கால் மடங்காது, காலைல எழுந்து வர அரை மணி ஆகும். அவதான் கேட்டா. அக்கா, நீங்க ஆறரைக்கு வெந்நீர் பிடிக்கப் போறீங்கல்ல, போற வழியில எங்க அட்டையையும் திருப்பிடுங்க, இல்லன்னா அந்த நர்ஸ் வந்து தூக்கத்தைக் கெடுக்கறான்னு. நீங்க ஆறு மணிக்கே வாக்கிங் போயிடுவீங்க, உங்களுக்கு அது தெரியாது. தெரிஞ்சா சத்தம் போடுவீங்கன்னு...

—எத்தனை நாளா?

—மூணு குளிர்காலமா.

—மூணு...

—ஆனா சும்மா திருப்ப மாட்டேன். கதவை ரெண்டு தட்டு தட்டுவேன். உள்ளேருந்து ‘ம்’னு சொல்லுவா. அந்த ‘ம்’ கேட்ட பிறகுதான் திருப்புவேன். மூணு வருஷமா ஒரு நாள் தவறல.

—அன்னைக்கு?

—அன்னைக்குக் குளிரு அதிகம். சோலார் ஹீட்டர்ல தண்ணி சரியாக் காயல, ஆளுக்கு அரை வாளின்னு சொல்லிட்டாங்க. எனக்கு முன்னாடி அஞ்சாறு பேர் வாளியோட போயிட்டிருந்தாங்க. விட்டா பச்சைத் தண்ணிதான்னு...

—தட்டினீங்களா, இல்லையா?

—தட்டல. நடந்துக்கிட்டே ஒரு கையால திருப்பிட்டுப் போயிட்டேன். அரை வாளி வெந்நீருக்காக. அந்தத் தண்ணியில குளிச்சேன் தம்பி. உடம்புக்கு இதமா இருக்குன்னு நினைச்சேன். அவ அங்க தரையில கிடக்கும்போது.

—போதும்.

—அதுக்கப்புறம் நான் வெந்நீர் பிடிக்கவே இல்ல. பச்சைத் தண்ணியிலதான் குளிக்கறேன். அதனால யாருக்கு என்ன லாபம்? ஆபீஸ்ல விசாரிச்சப்ப எல்லாரோடயும் சேர்ந்து நானும் உச்சுக்கொட்டினேன். ஆயா பேரைச் சொன்னாங்க, வாயை மூடிக்கிட்டேன். எழுபத்திநாலு வயசுல இங்கேருந்து அனுப்பிட்டா எங்க போவேன்... அந்தப் பயம்.

—ஏன் இப்ப சொல்றீங்க?

—நேத்து கேட்டைத் தாண்டிப் போனேன். அந்தக் கல்லு மேலேருந்து ஆயா கேக்கறா, அக்கா, வெந்நீர் ஒழுங்கா வருதான்னு. திட்டுங்க, தம்பி. கை ஓங்கினாலும் தாங்கிக்கறேன்.

—போங்கக்கா. உள்ள போங்க. குளிரும்.

—பேரை எழுதுங்க முதல்ல.

—எழுத மாட்டேன்.

—ஏன்? மூணு வாரமா தூங்காம, திருப்பினவ கையை ஒடிக்கணும்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. இதோ அந்தக் கை.

—உங்க பேரும் வேண்டாம். ஆயா பேரும் வேண்டாம். விடுங்க.

—விடறதாவது? நாலு மணிக்கு மேனேஜர் வருவார். யார் பேரும் இல்லன்னா ஆயா தலையிலதான் விழும். சரி, நீங்க எழுதவேண்டாம். நானே போய்ச் சொல்லிக்கறேன்.

—உக்காருங்க அக்கா... அவசரப்படாதீங்க.

—அவசரப்பட்டதுலதான் எல்லாம் போச்சு. தம்பி... இருங்க. ஒண்ணு கேக்கணும்.

—என்ன?

—கயிறு தொங்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னீங்களே.

—ஆமா, சொன்னேன்.

—நிஜம்தான். தினம் அவளை மாதிரியே கயிறைச் சுத்துவேன், அன்னைக்கு மட்டும் தொங்க விட்டுட்டுப் போனேன். ஆனா அதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லையே.

—நர்ஸ் சொல்லியிருப்பா.

—பச்சையா இருந்தா நர்ஸ் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. நீங்கதானே சொன்னீங்க.

—அப்ப... வேற யாரோ சொன்னாங்க.

—எட்டு மணிக்கு அட்டை கூடைக்குப் போயிடுச்சு. உங்க சிநேகிதர் வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு, நீங்க வந்தது பன்னெண்டு மணி பஸ்ல. அப்ப கதவுல அட்டையும் இல்ல, கயிறும் இல்ல.

—விடுங்க அக்கா.

—நான் ஆறரைக்குத் திருப்பினேன், எட்டுக்குக் கழட்டிட்டாங்க. நடுவுல ஒன்றரை மணி நேரம். தம்பி... எந்த பஸ்ல வந்தீங்க? நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி உங்களைக் குறை சொல்ற தகுதி எனக்கு ஏது? சொல்லுங்க.

—அந்தக் கடுதாசியை நீங்களே கிழிச்சுடுங்க அக்கா. ராத்திரி பஸ்லயே வந்துட்டேன். ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது எங்க கதவுக்கு முன்னாடி நின்னேன். ஊருக்குக் கிளம்பும்போது எங்களுக்குள்ள சண்டை. போற இடத்துலயே இருந்துடுங்கன்னு சொன்னா. அட்டை பச்சையா இருந்துச்சு. கயிறு தொங்குது, என்னைக்கும் இப்படி விடமாட்டாளேன்னுகூட நினைச்சேன்... கோவத்துல திருப்பியிருக்கான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நல்லாத்தானே எழுந்திருக்கா, கொஞ்சம் தேடட்டும், அவளே வந்து கூப்பிடட்டும்னு வீம்பு. சாவி என் பையிலதான் இருந்துச்சு. இங்க உக்காந்து பாத்தா எங்க வாசல் நல்லாத் தெரியும்... இதே இடத்துல, பன்னெண்டு மணி வரைக்கும் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.