இழுக்க வந்த கயிறு

அதிலை கட்டாதேங்கோ, தம்பி. அது பசளிக் கொடிப் பந்தல், பலமாக் காத்தடிச்சாலே சாயும். கயித்தைக் கொண்டுவந்து இந்த மூலைத் தடியிலை கட்டுங்கோ. ஓம், இந்த வில்லோ மரத்துத் தடிதான். இலை விட்டிருக்கிறதைப் பாத்து யோசிக்காதேங்கோ, தடிதான் அது. இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ. நல்ல கயிறு. நீலக் கயிறெல்லோ, மழைக்கும் உக்காது.

இல்லையில்லை, நான் ஏன் மறிக்கிறன்? மத்தியானத்துக்கு முன்னம் இந்தத் தோட்டத்தைக் குளத்துக் கரைக்கு இழுத்து, லொறியிலை ஏத்தி அனுப்பச் சொல்லிக் கவுன்சிலாலை உங்களுக்குச் சொல்லியிருக்கினம். நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ. எனக்கு உது போகப்படாது. அது என்ரை பாடு. ரெண்டு பேரும் கோவிக்காமல் பாப்பம்.

நான் இறங்கவோ? எதுக்கு? நான் மேலை நிக்கிறதாலை உங்கடை போட் தாழப்போறேல்லை. நாலு மிளகாய் பழுத்துக் கிடக்கு, புடுங்கிக்கொண்டு நிக்கிறன். நீங்கள் இழுங்கோ.

கழுத்து அட்டையிலை உங்கடை பேரைப் பாத்திட்டன். விவேக் பாஸ்கரன். தமிழோ எண்டு கேட்டன், ஆமா எண்டியள். ஆமா எண்டவுடனை விளங்கிட்டுது, இந்தியாப் பக்கம். நாங்கள் ஓம் எண்டுதான் சொல்லுவம். திருச்சியோ? நல்லது. நாங்கள் மன்னார். என்ரை பேர் அஜித்தா. ஐயோ, மேடம் எண்டாதேங்கோ, எனக்குப் பின்னாலை ஆரோ பெரிய ஆள் நிக்கினம் எண்டு திரும்பிப் பாக்கிறன். அக்கா எண்டாக் காணும். உங்களிலும் பாக்க நான் வயசு குறைவா இருப்பன், அது பரவாயில்லை. பிள்ளை பெத்தவள் எண்டா அக்காதான்.

சரி, மெஷினை ஸ்டார்ட் பண்ணுங்கோ.

...

என்ன, போட் வட்டமடிக்குது? தோட்டத்தைச் சுத்திக் கோயில் கும்பிடுற மாதிரி வாறியள். இல்லை, பிழை உங்களிலை இல்லை. நிப்பாட்டிப்போட்டு இஞ்சாலை வாங்கோ, பிளாஸ்க்கிலை தேத்தண்ணி இருக்கு. இந்தாங்கோ, றோல்ஸும் ஒண்டு எடுங்கோ. மீன் றோல்ஸ். லண்டன் செவன் கிங்ஸ்க் கடையிலை வாங்கினதில்லை, நான் சுட்டது. உறைப்பு இந்த மிளகாய்தான். மெல்லமாக் கடியுங்கோ.

உவ்வளவு இடம் இருக்க ஏன் குளத்துக்குள்ளை தோட்டம் வைச்சனீங்கள் எண்டு எல்லாரும்தான் கேக்கினம். அந்தா, மரங்களுக்கு மேலாலை ஒரு பழைய ஒஃபீஸ் கட்டடம் தெரியுதே? அதை அறை அறையாப் பிரிச்சு, வீடு இல்லாத குடும்பங்களை வைச்சிருக்கினம். அதுக்குள்ளைதான் நாங்களும் இருக்கிறம், நான், என்ரை மனிசன் டிலுக்சன், மகள் அஞ்சலீனா. டெம்பரறி எண்டு சொல்லித் தந்தது. டெம்பரறி எண்டு வந்த நேரம் அஞ்சலீனா தவழ்ந்துகொண்டு திரிஞ்சவ. இப்ப பள்ளிக்கூடம் போறா, எனக்கு இங்கிலீஷ் திருத்துறா. அந்த அறைக்குப் பல்கனி இல்லை. ஜன்னல் ஒரு சாண்தான் திறபடும், அதுக்கு மேலை திறந்தா நாங்கள் குதிச்சிடுவம் எண்டு பயமாம். ஒரு மிளகாய்க் கண்டு வைக்க வழியில்லை.

சொந்தமா இல்லாட்டியும் பரவாயில்லை, தோட்டம் செய்ய ஒரு துண்டுக் காணி தாங்கோ எண்டு கவுன்சிலிலை போய்க் கேட்டன். லிஸ்டிலை போடுறம் எண்டிச்சினம். எப்ப கிடைக்கும் எண்டு கேட்டன். அங்கை வேலை செய்யிற பிள்ளை, என்ரை மடியிலை இருந்த அஞ்சலீனாவைப் பாத்திட்டு, இவவின்ரை பேரிலை பதிஞ்சா நல்லது எண்டா. பகிடி இல்லை, தம்பி. மனசார யோசிச்சுத்தான் சொன்னவ.

அப்ப நான் சொன்னன், காணி இல்லாட்டித் தண்ணியைத் தாங்கோவன் எண்டு.

சிரிக்காதேங்கோ. இந்தப் பார்க்குக் குளம் சும்மாதானே கிடந்தது. முந்தி ஒரு காலம் போட் விட்டவையாம். பிறகு பாசி, கெட்ட மணம், வாத்து. முழங்கால் அளவுதான் ஆழம், அதிலை அரைவாசி சேறு. போனிலை ஒரு படம் பாத்தன், மெக்சிக்கோவிலை ஆதிகாலத்து அஸ்டெக் சனம் ஏரிக்குள்ளை தோட்டம் வைச்சு, ஒரு முழு நகரத்துக்கே சோறு போட்டிருக்கினம் எண்டு. சரி, சோறில்லை, சோளம். மிதக்கும் தோட்டம் எண்டு பேர் போட்டிருந்தது. அதை அப்பிடியே கொண்டுபோய்க் காட்டி, சுற்றுச்சூழல் எண்ட சொல்லையும் நடுவிலை வைச்சு விட்டன். அவைக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. ஒரு நிபந்தனைதான் சொன்னவை. மிதக்கிறதெண்டாச் சரி, வேண்டாம் எண்டா இழுத்து எடுக்கலாம். நிலையா ஒண்டும் வைக்கப்படாது.

நானும் மிதக்கும் எண்டுதான் நம்பினன். பிளாஸ்டிக் பீப்பாயள், டிலுக்சன் வேலை செய்யிற இடத்துப் பலகைகள், மேலை மண், மண்ணிலை மிளகாய்க் கண்டு. ரெண்டு நாள் மழை பெய்ஞ்சுது. எல்லாம் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு. மிளகாய்க் கண்டெல்லாம் கழுத்தளவு தண்ணியிலை வரிசையா நிண்டுது, ஞானஸ்நானத்துக்கு வந்த மாதிரி. மிச்சத்தை வாத்து திண்டுட்டுது.

எங்கடை எதிர் அறையிலை லூப்பே எண்டு ஒரு மெக்சிக்கோப் பெட்டை இருந்தவ. என்ரை வயசுதான், ரெண்டு பெடியள். அவ அந்த ஒரு சாண் ஜன்னலாலை உதைப் பாத்திட்டு விழுந்து விழுந்து சிரிப்பு. கோவம் வந்துட்டுது எனக்கு. உம்மடை ஊர்த் தோட்டம்தானே எண்டு போய்க் கேட்டன். அவவின்ரை ஊர் சொச்சிமில்கோவாம். அவவின்ரை மாமன் இப்பவும் அப்பிடித் தோட்டத்திலைதான் முட்டைக்கோவாவும் பூவும் செய்து விக்கிறாராம். அவ சொன்னா, எங்கடை ஊரிலை ஒரு தோட்டமும் மிதக்கிறேல்லை, அஜித்தா. கரையிலை நிண்டு பாத்த ஆரோ வெளியூர்க்காரர் மிதக்குது எண்டு எழுதிப்போட்டுப் போயிட்டினம். அதுக்குப் பேர் சினாம்பா. அது நிக்கிறது.

ஓம் தம்பி. நிக்கிறது.

இன்னொருக்கா இழுத்துப் பாக்கப்போறியளோ? சரி, பாருங்கோ. மனசிலை ஒரு குறை இருக்கப்படாது. றோல்ஸை முதல் முடியுங்கோ.

...

பாத்து, பாத்து! முன்பக்கம் எழும்புது! விடுங்கோ, நிப்பாட்டுங்கோ. கால்சட்டை நனைஞ்சிட்டுதே? இந்தாங்கோ, இந்தத் துவாயாலை துடையுங்கோ. பாருங்கோ, ஒரு மிளகாய் கூட விழேல்லை.

இஞ்சை குனிஞ்சு பாருங்கோ, காட்டுறன். முதல் வில்லோத் தடியளைச் சுத்திவர அடிச்சு இறக்கினது. பார்க்கிலை கிளை வெட்டின நேரம் கேட்டு வாங்கின பச்சைத் தடியள். இடையிலை கம்பு குடுத்து, கடகம் பின்னுற மாதிரிப் பின்னினது. பிறகு உள்ளுக்குள்ளை குளத்துப் பாசி ஒரு படை, அடியிலை இருந்து அள்ளின சேறு ஒரு படை, திரும்பவும் பாசி, திரும்பவும் சேறு. தண்ணிக்கு மேலை வருமட்டும் நானும் லூப்பேயும் அள்ளினம். பிள்ளையளுக்கு உடம்பெல்லாம் சேறு. கட்டடத்துக்குள்ளை எங்களை விட மாட்டன் எண்டு செக்கியூரிட்டி நிண்டவர்.

நாத்துப் போடுறதுதான் வடிவு. சேத்தைத் தட்டையாப் பரப்பி, கொஞ்சம் இறுகினாப்போலை, அலுவாத் துண்டு வெட்டுற மாதிரிக் கத்தியாலை வெட்டி, துண்டுக்கு ஒரு விதை. முளைச்ச பிறகு துண்டோடை தூக்கி நட வேண்டியதுதான், வேர் நோகாது. அந்தச் சோளம் லூப்பே தந்த விதை. விளைஞ்சதை அவ சாப்பிடேல்லை. போன மாரியிலை அவவை லூட்டன் எண்ட வேறை ஊருக்கு அனுப்பிப்போட்டினம், நடுக்கிழமையிலை. பெடியள் பள்ளிக்கூட உடுப்போடையே வானிலை ஏறினவை.

தடியள் தளிர்க்கும் எண்டு எனக்கு ஆர் சொன்னது? தளிர்த்துட்டுது. இப்ப வேர் குளத்துக்கு அடியாலை போய் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குதெண்டு கடவுளுக்குத்தான் தெரியும். நீங்கள் இழுக்கிறது தோட்டத்தை இல்லை, தம்பி. குளத்தை இழுக்கிறியள்.

இல்லை, கவுன்சிலுக்குச் சொல்லேல்லை. மிதக்குதோ எண்டு ஒருதரும் வந்து கேக்கேல்லை. நானாப் போய் நிக்குது எண்டு சொல்ல, நல்லாவோ இருக்கும்?

உங்கடை பெரியவருக்குப் போன் எடுக்கப்போறியளோ? எடுங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. வேர் விட்டிட்டுது, இழுபடாது, எடுக்கிறதெண்டாக் குளத்து நீரை இறைச்சு, கிடங்கு வெட்டுற மெஷின் இறக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. குளத்து மணம் போனதையும் சொல்லுங்கோ. மணந்ததெல்லாத்தையும் அள்ளி மேலை போட்டதாலைதான் போனது. நான் அங்காலை நிக்கிறன், காது குடுக்க மாட்டன்.

...

என்னவாம்? கொஞ்சம் கேட்டுது, நீங்கள் பலத்துக் கதைக்கிறியள். மெஷினுக்கு இந்த வருசம் காசில்லையாமோ? குளத்திலை விடப்போற அன்னம் மாதிரிப் போட்டுகளை இதைச் சுத்தி ஓட விடலாமாம்? நல்ல மனிசன். தீவு எண்டு போர்டு போடப்போறாரோ? போடட்டும். அதுவும் பிழையான பேர்தான், மிதக்கிறதிலும் பாக்கப் பரவாயில்லை. எடுக்கிறதை அடுத்த வருசம் பாப்பம் எண்டவரே? அப்ப சரி, தம்பி. கவுன்சிலிலை அடுத்த வருசம் பாப்பம் எண்டா அது காணி உறுதி எழுதித் தந்த மாதிரி.

போகாதேங்கோ, இருங்கோ. ஒரு விசயம் கேட்டுக்கொள்ளுங்கோ. இதுக்குத் தண்ணி ஊத்தத் தேவையில்லை, கீழாலை தானா உறிஞ்சும். போன கோடையிலை பார்க்கிலை புல்லெல்லாம் பொரிஞ்ச நேரமும் இது பச்சையாத்தான் நிண்டது. மாரி முடிய, அடியிலை இருந்து சேறு அள்ளி மேலை ஒரு படை போடவேணும். பசளை அதுதான், வேறை ஒண்டும் வேண்டாம். பசளை எண்டன், பசளி இல்லை. பசளை உங்கடை உரம். பசளி இந்தக் கீரை. மாத்திச் சமைச்சுப்போடாதேங்கோ. வில்லோவை உயர விடப்படாது, தலையை வெட்டி விடுங்கோ, இல்லாட்டி நிழல் விழும். வல்லாரையிலை வெளி இலையை மட்டும் ஆயுங்கோ. சனிக்கிழமையளிலை எங்கடை கட்டடத்துப் பெண்டுகள் கீரைக்கு வருவினம், ஒருதரையும் வெறுங்கையோடை அனுப்பாதேங்கோ. வாளி இந்தப் பலகைக்குக் கீழை இருக்கு. கத்தியும் அதுக்குள்ளைதான்.

உங்களுக்கு ஏன் சொல்லுறனோ? குளம் உங்கடை பொறுப்புத்தானே, விவேக். றோல்ஸும் சாப்பிட்டிட்டியள்.

கயித்தை அவிட்டாச்சே? அதைச் சுருட்டி லொறிக்குள்ளை எறியப்போறியளோ? எனக்குத் தாங்கோவன். இனி உங்களுக்குத் தேவைப்படாதுதானே. இவ்வளவு நீளத்துக்குக் கடையிலை வராது. சீச்சீ, தோட்டத்துக்கு இல்லை. பெட்டியள் கட்ட. வியாழக்கிழமை வான் வருது, ஸ்டோக் எண்ட தூர ஊருக்காம். ஓம், எங்களைத்தான். உங்கடை பகுதி இல்லையாம், வீட்டுப் பகுதி கவுன்சிலிலை மேல் மாடியாம், உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அஞ்சலீனாவுக்கு இன்னும் சொல்லேல்லை. மிளகாய்க் கண்டு ஒண்டைச் சிரட்டை அளவு சட்டியிலை வைச்சிருக்கிறா, அதை மடியிலை வைச்சுக்கொண்டு வருவா.

இல்லை, நாங்கள் ஒண்டும் மறிக்கேல்லை. எங்களை இழுக்க மெஷின் வேண்டாம், தம்பி, ஒரு போன் அடிச்சவை.

அந்த நுனியைப் பிடியுங்கோ, நான் சுத்துறன்.